மருந்தாக வந்த பழச்சாறு

நோயுற்றவரைப் பார்க்க வைத்தியசாலைக்குச் செல்பவர் வெறுங்கையோடு செல்வதில்லை. நாலு தோடம்பழமோ ஒரு குலை முந்திரிகையோ கையில் இருக்கும். அதற்கு வசதிப்படாதபோது கடையில் வாங்கிய பழச்சாற்றுப் போத்தலாவது இருக்கும். பழமும் பழச்சாறும் ஒன்றே என்பதும், இரண்டும் மெலிந்த உடலைத் தேற்றும் என்பதும் மக்கள் மனத்தில் ஆழ ஊன்றிய எண்ணங்கள். வண்ண வண்ண மென்பானங்களைப் பிள்ளைகளுக்கு மறுக்கும் பெற்றோரும் பழச்சாறு என்றால் மறுப்பதில்லை. இந்த நம்பிக்கை ஆதாரமற்றதன்று. அதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாறு கடலிலே, கப்பல்களிலே தொடங்குகிறது.

ஐரோப்பியர் நெடுங்கடல் ஓடத் தலைப்பட்ட காலந்தொட்டு, அவர்தம் மாலுமிகளைப் புயலும் பீரங்கியும் கொன்றதிலும் பார்க்க ஸ்கேவி என்னும் நோயே மிகுதியாகக் கொன்றது. காய்ந்த விசுக்கோத்தும் உப்பிட்ட இறைச்சியுமே மாதக்கணக்காக உணவானபோது முரசு வீங்கிக் குருதி கசியும். பற்கள் ஆடி விழும். என்றோ ஆறிய காயம் மீண்டும் வாய் திறக்கும். முடிவில் எழுந்து நிற்க முயலும்போதே ஆள் விழுந்து இறப்பான். 1740ஆம் ஆண்டு ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் கீழ் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஏறத்தாழ 1,900 பேரில் 1,400 பேர் வரை மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் எதிரியைக் கண்டு மாண்டவரல்லர், இந்நோயால் மாண்டவர்.

1747ஆம் ஆண்டு மே மாதம் 'சோல்ஸ்பரி' என்னும் போர்க்கப்பலில் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் லின்ட் என்பவர் ஒரு சோதனை செய்தார். ஸ்கேவி கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே உணவைக் கொடுத்து, மருந்தை மட்டும் மாற்றினார். ஓர் இணைக்கு அப்பிள் மது, இன்னோர் இணைக்குக் காடி, வேறோர் இணைக்குக் கடல்நீர் என்று வைத்து, ஒரேயோர் இணைக்கு மாத்திரம் நாளொன்றுக்கு இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் வழங்கினார். ஆறு நாளில் கப்பலிற் பழம் தீர்ந்துபோயிற்று. அதற்குள் அவ்விருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தக்கவராயினார். மற்றவர் ஏனைய நோயாளரைப் பராமரிக்கும் அளவுக்குத் தேறினார். மருத்துவ வரலாற்றில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையிற் செய்யப்பட்ட முதற் சோதனைகளுள் ஒன்றென இது இன்றும் போற்றப்படுகிறது.

இவ்விடத்தில் ஒன்று கவனிக்கத் தக்கது. லின்ட் கொடுத்தது பழம். ஆனாற் பழம் கப்பலில் நெடுநாள் நில்லாது. ஆகவே சாற்றைக் காய்ச்சிக் குறுக்கிப் பாகாக்கிப் போத்தலில் அடைக்கும் முறையை அவரே எழுதி வைத்தார். நோயைத் தீர்த்த பொருள் அந்தச் சூட்டிலே பெரும்பாலும் அழிந்துபோகும் என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். மருந்தின் பெயர் போத்தலில் இருந்தது, மருந்து இருக்கவில்லை. பழச்சாற்றின் கதையிற் பின்னரும் பலமுறை நிகழ்ந்தது இதுவே.

லின்ட் காலமானதற்கு அடுத்த ஆண்டாகிய 1795இற்றான் பிரித்தானியக் கடற்படை காய்ச்சாத எலுமிச்சஞ்சாற்றை மாலுமிகள் யாவருக்கும் வழங்க முன்வந்தது. ஆளொருவருக்கு நாளொன்றுக்கு முக்கால் அவுன்சு சாறு; அதன் புளிப்பை ஆற்ற இரண்டு அவுன்சு சீனி. மருந்திலும் பார்க்க மருந்துக்குத் துணையாக வந்த சீனி இருமடங்குக்கும் மேல் என்பதை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. பாய்மரம் ஏறி இறங்கும் மாலுமிக்கு அது ஒரு பாரமுமன்று. சில ஆண்டுகளில் ஸ்கேவி கடற்படையை விட்டு ஏறக்குறைய அகன்றது. பழச்சாற்றின் நற்பெயர் அன்று நிலைபெற்றது. அது உழைத்துத் தேடிய பெயர், இரவல் பெயரன்று.

அந்த இரண்டு அவுன்சுச் சீனி எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. 1700ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் ஒருவர் ஓராண்டில் உண்ட சீனி சுமார் 4 இறாத்தல். 1800இல் அது 18 இறாத்தலாயிற்று. 1900இல் 90 இறாத்தலை எட்டியது. அடிமை முறை பிரித்தானியப் பேரரசில் 1834இல் ஒழிந்தபின், மொறீசியசுக்கும் நேத்தாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களுட் தமிழர் பல்லாயிரவர். சீனியின் மலிவுக்கு விலை கொடுத்தவர்களில் அவர்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். 1874இற் பிரித்தானியா சீனிமீதிருந்த தீர்வையை அறவே நீக்கியது. ஒரு காலத்திற் செல்வர் வீட்டு அலுமாரியிற் பூட்டி வைக்கப்பட்ட பொருள், தொழிலாளியின் தேநீர்க் கோப்பையில் கரண்டி கரண்டியாகக் கரைந்தது.

இதற்கிடையே 1867இல் ஸ்கொத்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லொக்லன் றோஸ் என்பவர் தேசிச்சாற்றை மதுசாரம் சேர்க்காமற் கெடாது காக்கும் முறையொன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வணிகக் கப்பல்களும் தேசிச்சாறு கொண்டுசெல்ல வேண்டும் என்ற சட்டம் வந்ததும் அதே ஆண்டிலேதான். ஆனால் அவருடைய இனிப்பூட்டிய சாறு கப்பலோடு நிற்கவில்லை. கரையேறி வீடுகளுக்குட் புகுந்தது. நோயில்லாதவர் இன்பத்துக்காக அருந்தும் பானமாயிற்று. கடற்படையும் அக்காலத்தில் மத்தியதரைக்கடல் எலுமிச்சையை விட்டு மேற்கிந்தியத் தேசிக்காய்க்கு மாறியிருந்தது. அத்தேசிச்சாற்றின் நோய்தடுக்கும் ஆற்றல் எலுமிச்சஞ்சாற்றின் நாலிலொரு பங்களவே என்பது 1918இல் இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் ஆய்வுகளாலேயே தெளிவாயிற்று. அதற்கு முன்னரே, 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பிரித்தானியக் குழுவினர் தேசிச்சாறு கையிலிருந்தும் ஸ்கேவியால் வருந்தித் திரும்பினர்.

சோடாவின் பிறப்பும் இதே நோயோடு தொடர்புடையதென்பது பலருக்கு வியப்பாயிருக்கும். 1767இல் லீட்ஸ் நகரில் மதுவடிசாலைக்கு அருகே குடியிருந்த ஜோசப் பிறீஸ்ற்லி, தொட்டிகளிற் பொங்கும் வாயுவை நீரிற் கரைத்துப் பார்த்தார். காபனீரொட்சைட்டு என்று இன்று மாணவர் படிப்பது அதுவே. அந்நீர் ஸ்கேவியைத் தடுக்கும் என்று நம்பி, 1772இல் அதைச் செய்யும் முறையை நூலாக வெளியிட்டார். குக் தளபதியின் இரண்டாம் கடற்பயணத்துக்கும் அம்முறை பரிந்துரைக்கப்பட்டது. நோய் தீரவில்லை, நீர் மட்டும் சுவைத்தது. ஜெனீவாவில் ஜேக்கப் ஸ்வெப் அதை வியாபாரமாக்கினார். பின்னர் மருந்துக் கடைக்காரர் அதிற் பாகு சேர்த்தனர். 1886இல் அத்திலாந்தாவில் மருந்தாளராயிருந்த ஜோன் பெம்பர்ட்டன் ஆக்கிய கொக்கா கோலாவும் தலைவலிக்கும் தளர்ச்சிக்கும் நல்லதென்றே முதலில் விற்கப்பட்டது. ஆக, இன்று கடையில் ஒரே தட்டில் அருகருகே நிற்கும் மென்பானமும் பழச்சாறும் மருந்துப் பெட்டியிலிருந்து இறங்கி வந்த உடன்பிறப்புகளே. ஒன்று தன் மருந்துப் பெயரை இழந்துவிட்டது. மற்றொன்று இழக்கவில்லை.

இழக்காமைக்குக் காரணங்கள் உள. 1869இல் நியூ ஜேர்சியின் வைன்லன்ட் என்னும் ஊரில் தோமஸ் வெல்ச் என்பவர், தேவாலயத்தில் மதுவுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்கென, முந்திரிகைச் சாற்றைப் போத்தலிற் சூடாக்கிப் புளிக்காமற் காத்தார். மதுவை ஒழிக்க விரும்பியவர் கண்டது அந்தச் சாறு. ஆகவே அதற்கு மருந்தின் பெயரோடு ஒழுக்கத்தின் பெயரும் சேர்ந்தது. வெல்ச் தொழிலாற் பல்வைத்தியர். பழச்சாறுகளுள் மிக இனிப்பானவற்றுள் ஒன்றை உலகுக்கு அளித்தவர் பல்வைத்தியர் என்பது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கலிபோர்னியாவிலே தோடை மிதமிஞ்சி விளைந்தது. விலைபோகாத பழத்தை என்செய்வது? 1916இற் பழச்செய்கையாளர் சங்கம் 'தோடையைக் குடியுங்கள்' என்று விளம்பரம் செய்து, பிழியும் கருவிகளையும் மலிவாக விற்றது. இதன் கணக்கு எளிது. உண்பவருக்கு ஒரு பழம் போதும். ஒரு கிண்ணம் சாற்றுக்கு மூன்று நாலு பழம் வேண்டும். காலைச் சாப்பாட்டோடு பழச்சாறு அருந்தும் வழக்கத்தை வைத்தியர் உண்டாக்கவில்லை. விளைச்சலின் மிகுதி உண்டாக்கியது. ஆயினும் வைத்தியரின் ஆதரவும் விரைவிற் கிடைத்தது. ஸ்கேவியைத் தடுக்கும் பொருளை ஹங்கேரிய விஞ்ஞானி அல்பர்ட் சென்ட் ஜோர்ஜி 1928இற் பிரித்தெடுத்தார். அதுவே விற்றமின் 'சி' என்பது 1932இல் உறுதியாயிற்று. 1937இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. லின்டின் பன்னிரண்டு மாலுமிகளின் புதிர் 190 ஆண்டுகளுக்குப் பின் அவிழ்ந்தது.

இரண்டாம் உலகப்போர் பழச்சாற்றின் பொற்காலம். கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டுப் பழங்கள் வராதொழிந்த பிரித்தானியாவில், அரசாங்கம் 1942 முதல் குறுக்கிய தோடம்பழச்சாற்றைச் சிறு குழந்தைகளுக்கு வழங்கியது. உள்நாட்டிற் கிடைத்த கருந்திராட்சையிலிருந்து ஆக்கிய 'ரைபீனா' என்னும் பாகும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பிறிஸ்ரல் நகரத்து ஆய்வாளரும் வணிகரும் 1930களில் உருவாக்கிய பானம் அது. இவற்றைக் குறைகூறுதல் நன்றி மறத்தலாகும். பழமே காணாத குழந்தைக்கு அந்தக் கரண்டிச் சாறு தேவையாயிருந்தது. அமெரிக்காவில், போர்வீரருக்கு விற்றமின் 'சி' அனுப்பும் முயற்சியிலிருந்து, புளோரிடாவின் ஆய்வாளர் சாற்றைக் குறுக்கி உறையவைக்கும் முறையைக் கண்டனர். 1948இல் அதற்கு உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. போர் முடிந்தது. பழங்கள் மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆனாற் சாறு மட்டும் போகவில்லை. கரண்டியளவிலிருந்து கிண்ணத்தளவாயிற்று, கிண்ணம் நாளடைவிற் பெரிதாயிற்று.

கிண்ணத்தினுள் இருப்பது யாது? 250 மில்லிலீற்றர் தோடம்பழச்சாற்றிற் சுமார் 21 கிராம் சீனிச்சத்து உண்டு. தேக்கரண்டிக் கணக்கில் ஐந்து. அதேயளவு கொக்கா கோலாவில் சுமார் 26 கிராம். முந்திரிகைச் சாற்றில் அதனினும் அதிகம். சாற்றில் விற்றமினும் தாதுப்புக்களும் இருக்கின்றன. மென்பானத்தில் அவை இல்லை. அவ்வேற்றுமை மெய்யானதே. ஆனால் ஒன்றன் சீனி இயற்கை, மற்றதன் சீனி செயற்கை என்று ஈரல் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டிலும் இருப்பவை குளுக்கோசும் பிரக்டோசுமே. பிரக்டோசை ஏற்றுக் கையாள்வது பெரிதும் ஈரல். அடிக்கடி அளவுக்கு மிஞ்சி வந்தால் அது கொழுப்பாக மாறும்.

பழத்திலும் அதே சீனிதானே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தந்தவர்கள் ரைபீனா பிறந்த அதே பிறிஸ்ரல் நகரத்தவர். 1977இல் வைத்தியர் கெனெத் ஹீற்றனும் அவர் குழுவினரும் பத்துப் பேருக்கு அப்பிளை மூன்று உருவிற் கொடுத்தனர்: முழுப்பழமாக, கூழாக, சாறாக. சீனியின் அளவு மூன்றிலும் ஒன்றே. சாறு, முழுப்பழத்தைக் காட்டிலும் பதினொரு மடங்கு விரைவாக உள்ளே போயிற்று. சாறு அருந்தியவருக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவு. இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. ஏறிய குருதிச் சீனி பின்னர் தொடங்கிய நிலைக்கும் கீழே சரிந்தது. முழு அப்பிளை உண்டபோது அந்தச் சரிவு ஏற்படவில்லை. பழத்தின் நார்ப்பொருளும், அதை மெல்லுவதற்குச் செல்லும் நேரமும் இயற்கை அமைத்த கடிவாளங்கள். பிழியும்போது இரண்டும் சக்கையோடு வெளியே போகின்றன.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. பதினைந்து பேர் நாளொன்றுக்கு 450 கலோரி சீனியை, நாலு வாரம் மிட்டாயாகவும் இன்னொரு நாலு வாரம் சோடாவாகவும் உட்கொண்டனர். மிட்டாய் தின்ற காலத்தில் அவர்கள் தம்மையறியாமலே மற்ற உணவைக் குறைத்துக் கொண்டனர். சோடா குடித்த காலத்திற் குறைக்கவில்லை. உடல் எடை கூடியது. குடித்ததை வயிறு கணக்கில் வைப்பதில்லை என்று இதைச் சொல்லலாம்.

பின்னர் பெருந்தொகையினரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் வந்தன. 2004இல் வெளியான ஆய்வொன்று அமெரிக்கத் தாதியர் 91,249 பேரை எட்டாண்டு கவனித்தது. நாளுக்கு ஒன்றோ அதற்கு மேலோ இனிப்புப் பானம் அருந்தியவருக்கு, மாதம் ஒன்றுக்கும் குறைவாக அருந்தியவரிலும் பார்க்க நீரிழிவு வரும் வாய்ப்பு 83 வீதம் கூடுதலாயிருந்தது. 2013இல் 187,382 பேரைக் கொண்ட ஆய்வு பழத்தையும் சாற்றையும் பிரித்து நோக்கியது. முந்திரிகை, அப்பிள் முதலியவற்றை முழுப்பழமாக உண்டவரிடையே நீரிழிவு குறைவு. சாறாக அருந்தியவரிடையே சிறிது கூடுதல். மென்பானத்தின் தீங்கோடு ஒப்பிட்டாற் சாற்றின் தீங்கு சிறியதே. சிறு கிண்ணம் சாறு அருந்தியவர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனாற் பழம் காக்கும் என்பதற்காகச் சாறும் காக்கும் என்று கொள்வதற்கு அந்த எண்கள் இடந்தரவில்லை.

இவ்வளவு தெளிவு வர ஏன் இத்தனை காலம் சென்றது? இலண்டன் பேராசிரியர் ஜோன் யுட்கின் 1972இலேயே சீனியின் தீங்கைப் பற்றி நூல் எழுதி எச்சரித்தார். அவர் சொல் எடுபடவில்லை. 2016இல் வெளியான பழைய கடிதங்கள் ஒரு காரணத்தைக் காட்டின. 1965இல் அமெரிக்கச் சீனி உற்பத்தியாளரின் ஆய்வு நிறுவனம் ஹார்வர்ட் அறிஞர் சிலருக்கு 6,500 டொலர் கொடுத்து, இருதய நோய்க்குச் சீனியன்றிக் கொழுப்பே காரணம் எனக் காட்டும் கட்டுரையொன்றை எழுதுவித்தது. 1967இல் அது புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் வெளியாயிற்று. பணம் யார் கொடுத்தது என்ற குறிப்பு அதில் இல்லை. கொழுப்பின் மீதுள்ள சந்தேகம் முழுவதும் பொய்யென்று இதனால் ஆகிவிடாது. ஆனாற் சீனியைப் பற்றிய விசாரணை பல ஆண்டு பின்தங்கியது.

பெயரும் பொருளும் பிரிந்த கதை நியூசிலாந்தில் மீண்டும் அரங்கேறியது. 2004இல் அங்கே பாடசாலை மாணவியர் இருவர், விஞ்ஞானப் பாடத்துக்காகப் பழச்சாறுகளின் விற்றமின் 'சி' அளவைச் சோதித்தனர். உடனே அருந்தும் ரைபீனாவில் அது இருந்ததாகவே தெரியவில்லை. பெட்டியிலோ 100 மில்லிலீற்றரில் 7 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது. கம்பனி அவர்களைப் பொருட்படுத்தவில்லை. விடயம் அரசாங்கத்திடம் போய், 2007இல் ஓக்லன்ட் நீதிமன்றில் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 217,500 டொலர் தண்டம் செலுத்தியது. லின்டின் காய்ச்சிய பாகு எந்தக் குறையோடு போத்தலில் இருந்ததோ, ஏறத்தாழ அதே குறையோடு இருந்தது இதுவும். அதிலே மிகுந்திருந்தது சீனி.

2015இல் உலகச் சுகாதாரத் தாபனம் வெளியிட்ட நெறிமுறையில், உணவில் சேர்க்கும் சீனி, தேன், பாகு என்பவற்றோடு பழச்சாற்றிலுள்ள சீனியும் ஒரே இனமாகச் சேர்க்கப்பட்டது. முழுப்பழத்தின் சீனி சேர்க்கப்படவில்லை. அவ்வினம் மொத்தச் சக்தியிற் பத்திலொரு பங்குக்குக் குறைய வேண்டும். இருபதிலொரு பங்காயின் இன்னும் நன்று. வளர்ந்தவருக்கு முன்னது நாளுக்குச் சுமார் 50 கிராம். பின்னது 25 கிராம். ஒரு கிண்ணம் தோடம்பழச்சாறே இரண்டாவது எல்லையை ஏறத்தாழ நிரப்பிவிடும். 2017இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வைத்திய காரணமின்றிப் பழச்சாறு கொடுக்கலாகாது என்றும், மூன்று வயது வரை நாளுக்கு நாலு அவுன்சுக்கு மேற்படலாகாது என்றும் அறிவித்தது.

சட்டங்கள் இந்த அளவுக்கு வரவில்லை. மெக்சிக்கோ 2014 ஜனவரி முதல் இனிப்புப் பானங்களுக்கு லீற்றருக்கு ஒரு பேசோ வரி விதித்தது. முதலாண்டில் விற்பனை சராசரி 6 வீதம் குறைந்தது. இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் பானப் போத்தல்களில் நிறக்குறி இடும் விதி நடைமுறைக்கு வந்தது: 100 மில்லிலீற்றரிற் 11 கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டவற்றுக்குச் செம்மஞ்சள். 2017 நவம்பரிற் சீனி கிராம் ஒன்றுக்கு 50 சத வரியும் மென்பானங்கள்மீது விதிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே அது தளர்த்தப்பட்டது. பிரித்தானியா 2018 ஏப்பிரிலில் 100 மில்லிலீற்றருக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சீனி கொண்ட மென்பானங்களுக்கு வரி விதித்தபோது, பல கம்பனிகள் வரிக்கஞ்சித் தம் பானங்களின் சீனியைக் குறைத்தன. சீனி சேர்க்காத பழச்சாறு 8 கிராமுக்கு மேல் இனிப்புடையதாயினும் அந்த வரிக்கு உட்படவில்லை. மெக்சிக்கோவிலும் அதற்கு விலக்கு உண்டு.